பேப்பர் மேல வந்த பிரியமும் ஒரு கிராஃப்ட் கன்வென்ஷனும்

என் அக்கா பொண்ணு பிறந்தநாளுக்கு அவளோட ஃப்ரெண்டு ஒரு பாப்-அப் கார்டு குடுத்திருந்தா. தொறந்தா உள்ள இருந்து ஒரு பறவை றெக்கைய விரிச்சுக்கிட்டு எழுந்து நிக்கும், மூடினா திரும்ப தட்டையா படுத்துக்கும். "சித்தி, இது எப்படி தானா எழுந்திரிக்குது?"ன்னு கேட்டுட்டு அவ பாட்டுக்கு விளையாடப் போயிட்டா, ஆனா அந்தக் கேள்வி என் மண்டைக்குள்ள ஏறி உக்காந்துக்கிச்சு. ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் அந்த கார்டை டேபிள் லைட்டுக்கு கீழ வெச்சு தொறந்து மூடி, தொறந்து மூடி பாத்துட்டே இருந்தேன். உள்ள ஸ்பிரிங்கும் இல்ல, கம்பியும் இல்ல, வெறும் பேப்பர் தான். பறவையோட அடிப்பாகத்தை கார்டோட நடு மடிப்புக்கு ரெண்டு பக்கமும் சாய்வா, வி வடிவத்துல ஒட்டியிருந்தாங்க, அவ்வளவு தான் விஷயம். கார்டு விரியும்போது ரெண்டு பக்கமும் விலகிப் போகுது, ஒட்டின பேப்பருக்கு வேற போக்கிடம் இல்லாம மேல எழும்புது. ஒட்டுற கோணத்தை மாத்தினா முன்னாடி சாயுறதும் பின்னாடி சாயுறதும் மாறும். இது புரிஞ்ச நிமிஷம் எனக்கு கிடைச்ச சந்தோஷத்தை எப்படி சொல்றதுன்னே தெரியல, அன்னைக்கு ராத்திரியே பழைய நோட்டு அட்டையெல்லாம் கிழிச்சு வெட்டி ஒட்டிப் பாக்க ஆரம்பிச்சுட்டேன்.

அதுல இருந்து தொடங்கினது தான். இப்போ வீட்ல ஒரு அலமாரி முழுக்க பேப்பர்.

ஆரம்பிக்கணும்னு நெனைக்கிறவங்களுக்கு நான் சொல்றது, கிட் எதுவும் வாங்காதீங்க. எல்லாத்தையும் அழகா முன்னாடியே வெட்டி, நம்பர் போட்டு, ஒட்ட வேண்டிய இடத்துல கோடு கூட போட்டுக் குடுத்துடுவாங்க, நமக்கு மிச்சம் இருக்குறது ஒட்டுறது மட்டும் தான், பேப்பரைப் பத்தி ஒன்னுமே தெரியாது. சாதாரண பிரின்டர் பேப்பர் எடுத்துக்கோங்க, 80 ஜிஎஸ்எம்னு கட்டு மேலயே போட்டிருக்கும், ஒரு சதுர மீட்டர் பேப்பரோட எடை எத்தனை கிராம்ங்கறது தான் அது. அந்த சாதா பேப்பர்லயே கத்துக்க வேண்டியது நிறைய இருக்கு. உதாரணத்துக்கு ஒரு ஏ4 ஷீட்டை மடிக்காம லேசா வளைச்சுப் பாருங்க, முதல்ல நீளவாக்குல, அப்புறம் அகலவாக்குல. ஒரு பக்கம் ஈஸியா வளையும், இன்னொரு பக்கம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். மெஷின்ல பேப்பர் ஓடி வரும்போது அதுல இருக்குற நார் எல்லாம் பெரும்பாலும் ஓடுற திசையிலேயே படுத்துக்கும், அதனால தான் இந்த வித்தியாசம். அந்த நார் போற திசைக்கு கிரெயின்னு பேர். ஈஸியா வளையுற மடிப்பு கிரெயினோட போகுது, முரண்டு பிடிக்கிற மடிப்பு கிரெயினை குறுக்க வெட்டிப் போகுது. மெல்லிசு பேப்பர்ல இது பெருசா தெரியாது, ஆனா 250, 300 ஜிஎஸ்எம் அட்டைல கிரெயினுக்கு குறுக்க மடிச்சா மடிப்பு மேல வெடிச்சு வெள்ளையா பிசிறு தெரியும், எவ்வளவு அழகா டிசைன் பண்ணியிருந்தாலும் கார்டு பழசு மாதிரி ஆயிடும். அதுக்காகத் தான் மடிக்கிறதுக்கு முன்னாடி ஸ்கேல் வெச்சு மழுங்கின முனையால ஒரு கோடு அழுத்திக்கிறது, ஸ்கோர் பண்றதுன்னு சொல்லுவாங்க. எழுதாத பால்பாயின்ட் பேனா ஒன்னு இருந்தா போதும், தனியா டூல் கூட வேணாம்.

இன்னொன்னு சொல்றேன், கையில பேப்பர் இருந்தா இப்பவே பண்ணிப் பாருங்க. ஏ4 ஷீட்டோட குட்டைப் பக்கத்தை நீளப் பக்கத்து மேல சரியா படியுற மாதிரி ஒரு மூலைய மடிங்க. இப்போ சாய்வா ஒரு மடிப்பு விழுந்திருக்கும்ல, அது மேல இன்னொரு ஏ4 ஷீட்டோட நீளப் பக்கத்தை வெச்சுப் பாருங்க, மில்லிமீட்டர் பிசகாம ரெண்டும் ஒரே நீளம். ஏ4 சைஸ் 210க்கு 297 மில்லிமீட்டர், அந்த விகிதம் ஒன்னுக்கு ரூட் ரெண்டு, அதனால பாதியா மடிச்சா வர்ற ஏ5க்கும் அதே விகிதம் தான், அதையும் பாதியா மடிச்சா ஏ6, அதுக்கும் அதே. 1786லயே லிச்டன்பெர்க்னு ஒரு ஜெர்மன் விஞ்ஞானி இந்த விகிதத்தைப் பத்தி கடிதத்துல எழுதியிருக்காரு, 1922ல தான் ஜெர்மனி அதை ஸ்டாண்டர்டா ஆக்குச்சு. தினமும் கையில எடுக்குற ஒரு பேப்பருக்குள்ள இப்படி ஒரு கணக்கு படுத்துக்கிட்டு இருக்கு பாருங்க.

கணக்குன்னதும் ஒருத்தரைப் பத்தி சொல்லியே ஆகணும். டி. சுந்தர ராவ்னு ஒரு நம்ம ஊர்க்காரர், 1893ல மெட்ராஸ்ல, வெறும் பேப்பர் மடிச்சே ஜியோமெட்ரி சொல்லித் தர்ற மாதிரி இங்கிலீஷ்ல ஒரு புத்தகம் போட்டிருக்காரு. காம்பஸ் இல்ல, ஸ்கேல் இல்ல, ஒரு சதுரப் பேப்பர்ல தொடங்கி ஐங்கோணம் அறுகோணம்னு போய் கூம்பு வளைவுகள் வரைக்கும் மடிச்சே காட்டுறாரு. கிண்டர்கார்டன் பசங்களுக்கு பேப்பர் மடிக்கக் குடுக்குறதைப் பாத்து தான் அவருக்கு அந்த யோசனை வந்திருக்கு. ஃபெலிக்ஸ் க்ளைன்ங்கற பெரிய ஜெர்மன் கணித மேதை அதைக் குறிப்பிட்டு எழுதின அப்புறம் தான் வெளிநாடுகள்ல நிறைய பேருக்கு தெரிஞ்சுது. நம்ம ஸ்கூல்கள்ல ஏன் இவர் பேரை ஒரு தடவை கூட சொல்லலன்னு எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பாப்-அப்ல தொடங்கி அப்புறம் குவில்லிங் பக்கம் போனேன். மெல்லிசா வெட்டின பேப்பர் பட்டைய ஒரு ஊசியில சுத்தி, கொஞ்சம் தளர விட்டு, விரலால கிள்ளி இலை மாதிரி, சொட்டு மாதிரி, கண்ணு மாதிரி வடிவம் கொண்டு வந்து அடுக்குறது. ஐரோப்பாவுல பழைய மடங்கள்ல புத்தகத்தோட தங்க ஓரத்தை சீவும்போது விழுற பட்டைகளை சுருட்டி சாமி பொருட்களுக்கு அலங்காரம் பண்ணியிருக்காங்க, தூரத்துல இருந்து பாத்தா தங்கக் கம்பி வேலை மாதிரியே இருக்குமாம். எனக்கு குவில்லிங் பிடிக்கும், ஆனா மனசு முழுசா போனது ஒரிகாமிங்கற ஜப்பான் பேப்பர் மடிப்புக் கலை பக்கம் தான். வெட்டக்கூடாது, ஒட்டக்கூடாது, ஒரு சதுரம், ரெண்டு கை, அவ்வளவு தான்.

ஒரிகாமிய நான் வீடியோ பாத்து தான் கத்துக்கிட்டேன், இப்ப எல்லாரும் அப்படித் தானே. வீடியோ நல்லது தான், ஆனா அதுல தெரியாத ஒன்னு இருக்கு, அழுத்தம். எந்த மடிப்பை நகத்தால கீறி இறுக்கணும், எதை சும்மா தொட்டு விட்டுடணும், எப்போ பேப்பரை திருப்பணும், எப்போ பேப்பரை அப்படியே விட்டுட்டு கையை மட்டும் நகத்தணும், இதெல்லாம் கேமராவுக்குள்ள வராது. அதனால தான் ஒரு பேப்பர் கிராஃப்ட் கன்வென்ஷன் நடக்கப் போகுதுன்னு தெரிஞ்சதும் யோசிக்காம பேரை குடுத்துட்டேன். வீட்ல "பேப்பர் மடிக்கிறதுக்கு ஒரு மாநாடா?"ன்னு கேட்டாங்க. ஆமா, மாநாடு தான்.

உள்ள போனதும் கழுத்துல மாட்டிக்க ஒரு பேட்ஜ் குடுத்தாங்க, முதல் தடவை வர்றவங்களுக்கு மட்டும் அதுல தனி கலர்ல ஒரு ரிப்பன். அது எதுக்குன்னு அப்புறம் தான் புரிஞ்சுது, அந்த ரிப்பனைப் பாத்த யாரும் சும்மா கடந்து போகல, "வாங்க, என்ன மடிப்பீங்க?"ன்னு கேட்டுட்டு தான் போனாங்க. எனக்கு புது ஆளுங்ககிட்ட பேசுறது கொஞ்சம் கஷ்டம், ஆனா அங்க பேச்சு தானா வந்துச்சு, ஏன்னா எல்லாரோட கையிலயும் ஏதோ ஒரு பேப்பர் இருந்துச்சு, கண்ணு அதுல இருக்கும்போது வாய் ஈஸியா பேசிடுது.

கண்காட்சி ஹால்ல நான் எவ்வளவு நேரம் நின்னேன்னே தெரியல. ஒரு வண்டு, ஆறு காலு, ரெண்டு கொம்பு, றெக்கை மூடி, எல்லாமே ஒரே சதுரத்துல, ஒரு வெட்டு கூட இல்ல. பக்கத்துலயே அதோட கிரீஸ் பேட்டர்னை, அதாவது முழுசா விரிச்சா பேப்பர்ல விழுந்திருக்குற மடிப்புக் கோடுகளோட வரைபடத்தை வெச்சிருந்தாங்க. அந்த கோட்டுக் காட்டுக்குள்ள எந்த இடம் காலாகும், எந்த இடம் கொம்பாகும்னு ஒரு பையன் எனக்கு விரல் வெச்சு காட்டினான், காலேஜ் படிக்கிற வயசு தான் இருக்கும். அவன் தான் இதையும் சொன்னான்: "அக்கா, ஒரு பேப்பரை பாதியா மடிங்க, திரும்ப அதை குறுக்க பாதியா மடிங்க. இப்போ விரிச்சு நடுவுல பாருங்க." நான் விரிச்சுப் பாத்தேன். நடுப் புள்ளியில நாலு மடிப்பு வந்து சேருது. அதுல மூணு உள்ளார குழிஞ்சு பள்ளமா இருக்கு, ஒன்னு மட்டும் மேடா நிக்குது. "மூணுல ஒன்னு கழிச்சா ரெண்டு. தட்டையா மடியுற எந்த மாடலை வேணா பிரிச்சுப் பாருங்க, உள்ள இருக்குற எந்தப் புள்ளியிலயும் மேட்டு மடிப்போட எண்ணிக்கைக்கும் பள்ள மடிப்போட எண்ணிக்கைக்கும் வித்தியாசம் ரெண்டு தான் வரும்." இது ஜுன் மாயேகாவாங்கற ஜப்பான்காரர் பேர்ல இருக்குற விதி. நான் அன்னைக்கு முழுக்க கையில கிடைச்ச ஒவ்வொரு மாடலையும் ஓரமா விரிச்சு எண்ணிப் பாத்துட்டு இருந்தேன், அவன் சொன்ன மாதிரியே ரெண்டு, ரெண்டு, ரெண்டு.

இன்னொரு மேசையில ஒரு ஷீட் முழுக்க சாய்சதுரமா கட்டம் கட்டமா மடிச்சு வெச்சிருந்தாங்க, எதிரெதிர் மூலைய ரெண்டு விரலால பிடிச்சு இழுத்தா மொத்தமும் ஒரே அசைவுல விரியும், தள்ளினா ஒரே அசைவுல சுருங்கும். மியூரா மடிப்பு. கோரியோ மியூராங்கற விண்வெளி விஞ்ஞானி கண்டுபிடிச்சது, 1995ல ஜப்பான் அனுப்பின ஒரு விண்கலத்துல இதை வெச்சு தான் சோலார் பேனல் மாதிரி ஒன்னை சுருக்கி அனுப்பி மேல போய் விரிச்சாங்க. அந்த பேப்பரை விட்டுட்டு நகரவே எனக்கு மனசில்ல, பின்னாடி நின்ன குழந்தைங்க வரிசை பாத்து தான் குடுத்தேன்.

ஆனா எனக்கு கன்வென்ஷன்னா நினைவுக்கு வர்றது வகுப்புகள் தான். ஒவ்வொரு வகுப்புக்கும் லெவல் போட்டிருப்பாங்க, சிம்பிள், இன்டர்மீடியட், காம்ப்ளெக்ஸ்னு. நான் வெட்-ஃபோல்டிங் வகுப்புக்கு போனேன். பேப்பரை லேசா ஈரமாக்கி மடிக்கிறது, அகிரா யோஷிஸாவாங்கற ஜப்பான் ஒரிகாமி கலைஞர் உருவாக்கின முறை. இன்னைக்கு உலகம் முழுக்க ஒரிகாமி படங்கள்ல பாக்குற அந்த புள்ளிக்கோடு, அம்புக்குறி முறைக்கும் அடித்தளம் போட்டவர் அவர் தான், 1911ல பிறந்து 2005 வரைக்கும் வாழ்ந்தவர். கொஞ்சம் தடிமனான பேப்பர்ல சைஸிங்னு ஒரு பசை மாதிரி சமாச்சாரம் சேத்திருப்பாங்க, ஈரம் பட்டா அது இளகி நார்களை நகர விடும், காஞ்சதும் திரும்ப இறுகி நாம குடுத்த வளைவை அப்படியே பிடிச்சுக்கும். அதனால தான் வெட்-ஃபோல்டிங்ல செஞ்ச மிருகங்கள் எல்லாம் கட்டம் கட்டமா இல்லாம சதையோட, உருண்டையா இருக்கும்.

வகுப்பு எடுத்தது வயசான ஒரு அம்மா. விரல் மூட்டெல்லாம் லேசா வீங்கி இருந்துச்சு, ஆனா பேப்பரைத் தொட்டதும் அந்த விரல்கள் வேற மாதிரி ஆயிடுச்சு. ஒரு ஈரத்துணிய பிழிஞ்சு, பேப்பர் மேல தேய்க்காம ஒத்தி ஒத்தி எடுத்தாங்க. அப்புறம் சும்மா உக்காந்திருந்தாங்க. எல்லாரும் மடிக்க கையைத் தூக்கினப்போ, "அவசரப்படாதீங்கம்மா, ஈரத்தை அது இழுத்துக்கட்டும். மேல மினுமினுப்பு இருந்தா இன்னும் தண்ணி நிக்குதுன்னு அர்த்தம். மினுமினுப்பு போய் தோல் மாதிரி சில்லுனு இருக்கணும், அப்போ எடுங்க"ன்னாங்க. கன்னத்துல வெச்சுப் பாக்கச் சொன்னாங்க, விரலை விட கன்னத்துக்கு சில்லுன்னு சீக்கிரம் தெரியுமாம். மேசைல இருந்த எல்லாரும் ஒரு ஷீட் பேப்பரை கன்னத்துல வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம். இதை எந்த வீடியோவும் எனக்கு சொன்னதில்ல.

யானை தான் மாடல். தும்பிக்கை வளைக்கிற இடத்துல எனக்கு எவ்வளவு தள்ளணும்னு பிடிபடல, "அம்மா, இதை கொஞ்சம் நீங்க பண்ணிக் குடுங்களேன்"னு என் பேப்பரை நீட்டினேன். அவங்க வாங்கிக்கல. "உன் பேப்பரை நான் தொட மாட்டேன்டா, அது உன்னோடது"ன்னு சொல்லிட்டு, தன்னோட பேப்பரை எடுத்து என் கைக்குப் பக்கத்துலயே வெச்சு, அதே இடத்தை மெதுவா வளைச்சுக் காட்டினாங்க, நிறுத்தினாங்க, நான் வளைக்கிற வரைக்கும் காத்திருந்தாங்க. ஒரிகாமி சொல்லிக் குடுக்குறவங்க நிறைய பேர் இந்த முறைய கடைப்பிடிக்கிறாங்கன்னு அப்புறம் தெரிஞ்சுக்கிட்டேன், கத்துக்கிறவங்க பேப்பர்ல கை வைக்க மாட்டாங்க, வெச்சே ஆகணும்னா கேட்டுட்டு வைப்பாங்க. எனக்கு அந்த மரியாதை ரொம்ப பெருசா பட்டுச்சு. நம்ம கையில இருந்து புடுங்கி "இங்க குடு, நான் பண்றேன்"னு முடிச்சுக் குடுக்குறது எவ்வளவு சாதாரணமா நடக்குது, நானே அக்கா பொண்ணுக்கு எத்தனையோ விஷயத்துல அப்படித் தான் செய்யுறேன், இனிமே கண்டிப்பா மாத்திக்கணும்னு அந்த மேசையிலேயே முடிவு பண்ணிட்டேன். தும்பிக்கை என் கையாலயே வளைஞ்சுது. காயுற வரைக்கும் நூல் கட்டி வெச்சேன், சாயங்காலம் அவிழ்த்தப்போ அப்படியே நின்னுச்சு.

பேப்பர் விக்கிற ஸ்டால்களைப் பத்தி எழுத ஆரம்பிச்சா இது முடியாது. சுருக்கமா சொல்றேன், வாஷின்னு சொல்ற ஜப்பான் கைப்பேப்பரை முதல் தடவையா தொட்டுப் பாத்தேன். கோஸோங்கற ஒரு வகை மல்பெரி செடியோட பட்டையில இருந்து எடுக்குற நீளமான நார், அதனால மெல்லிசா இருந்தாலும் சட்டுனு கிழியாது, கிழிச்சா ஓரத்துல முடி மாதிரி நார் நீட்டிக்கிட்டு நிக்கும். 2014ல யுனெஸ்கோ அந்த வாஷி தயாரிப்புக் கலைய பாரம்பரியப் பட்டியல்ல சேத்திருக்கு. வாங்கி வந்த ஷீட்டை இன்னும் நான் மடிக்கல, எதுக்கு தகுதியான மாடல்னு தேடிக்கிட்டு இருக்கேன்.

ராத்திரி வகுப்பெல்லாம் முடிஞ்சப்புறமும் யாரும் கிளம்பல. ஒரு பெரிய மேசையில உக்காந்து சோனோபே யூனிட் மடிச்சுக்கிட்டு இருந்தாங்க, நானும் போய் ஒட்டிக்கிட்டேன். ஒவ்வொரு யூனிட்டும் ஒரு சின்ன சதுரத்துல மடிக்கிறது, ரெண்டு முனையில ரெண்டு நாக்கு, நடுவுல ரெண்டு பாக்கெட். ஒன்னோட நாக்கு இன்னொன்னோட பாக்கெட்டுக்குள்ள போகும், பசையே கிடையாது. ஆறு யூனிட் சேத்தா ஒரு கன சதுரம், 12 சேத்தா எட்டு முனை இருக்குற நட்சத்திரம், 30 சேத்தா 20 கூர் வெச்ச ஒரு பந்து. ஆளுக்கு ஒரு கலர் எடுத்துக்கிட்டு மடிச்சுப் போட்டோம், ஒரு அண்ணன் கோக்க ஆரம்பிச்சாரு. பாதி வரைக்கும் அது லொடலொடன்னு ஆடிக்கிட்டே இருக்கும், ஒரு பக்கம் சொருகினா இன்னொரு பக்கம் கழண்டுக்கும், பக்கத்துல இருக்குறவங்க கையை வெச்சு பிடிச்சுக்கணும். கடைசி யூனிட் தான் பெரிய பாடு, உள்ள விரலை விட்டு தாங்க இடமே இருக்காது, நாலு பேரு சுத்தி பிடிச்சுக்க ஒருத்தர் நாக்கை பாக்கெட்டுக்குள்ள நகத்தால தள்ளித் தள்ளி, சடக்குனு உள்ள போச்சு. போன அந்த நொடி மொத்தப் பந்தும் கல்லு மாதிரி இறுகிடுச்சு. அது வரைக்கும் அத்தனை கை தாங்கின அது அப்புறம் தூக்கிப் போட்டு பிடிச்சா கூட பிரியல. நாங்க எல்லாரும் கைதட்டினோம். அதுல யார் பேரும் எனக்கு சரியா தெரியாது, ஆனா அந்தப் பந்துல எது என் யூனிட்னு இப்பவும் சொல்லுவேன், மஞ்சள்.

அந்த மேசையில தான் ஒரு அக்கா மேரி டிலானி பத்தி சொன்னாங்க. 1700ல பிறந்த இங்கிலாந்துக்காரம்மா. 72 வயசுல கலர் பேப்பரை பொடிப் பொடியா வெட்டி, கறுப்பு பின்னணி மேல ஒட்டி பூக்கள் செய்ய ஆரம்பிச்சிருக்காங்க, இதழ், காம்பு, மகரந்தம்னு ஒவ்வொன்னும் தனித்தனி பேப்பர் துணுக்கு. 10 வருஷத்துல கிட்டத்தட்ட ஆயிரம் பூ, கண்பார்வை மங்கின அப்புறம் தான் நிறுத்தியிருக்காங்க. அது எல்லாம் இப்போ பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. சொன்ன அந்த அக்காவுக்கும் ரிட்டயர் ஆன அப்புறம் தான் இதுல ஆர்வம் வந்துச்சாம். "எனக்கு 10 வருஷம் குடுத்தா போதும்"னு சொல்லி சிரிச்சாங்க, நான் அவங்க நம்பரை வாங்கிக்கிட்டேன், இப்போ ரெண்டு பேரும் மடிக்கிறதை ஒருத்தருக்கொருத்தர் ஃபோட்டோ எடுத்து அனுப்பிக்கிறோம்.

போறவங்களுக்கு சில விஷயம் சொல்லிடறேன். வகுப்பு பட்டியல் வந்த உடனே பாத்து பதிவு பண்ணிடுங்க, சீட் சீக்கிரம் தீந்துடும், லெவலைப் பாத்து நேர்மையா எடுங்க, காம்ப்ளெக்ஸ் வகுப்புல ஒருத்தர் தடுமாறினா மேசையே காத்திருக்கணும். 15 சென்டிமீட்டர் சதுரத் தாள் ஒரு கட்டு, அதை விட பெரிய சைஸ்ல கொஞ்சம் எடுத்துட்டுப் போங்க, வாங்குறதை மடங்காம கொண்டு வர ஒரு கெட்டி அட்டை ஃபைல் அவசியம். கண்காட்சியில வெச்சிருக்குறதை தொடாதீங்க. ஒருத்தர் டிசைன் பண்ணின மாடலோட படத்தையோ வீடியோவையோ அவங்களைக் கேக்காம பரப்பாதீங்க, ஒரு வண்டுக்குப் பின்னாடி மாசக்கணக்கா வேலை இருக்கு. வகுப்பு எடுக்குறவங்ககிட்ட தயங்காம "இன்னொரு தடவை காட்டுங்க"ன்னு கேளுங்க, அவங்க வந்ததே அதுக்குத் தான்.

அடுத்த கன்வென்ஷன்ல சிம்பிள் லெவல் மேசையில சோனோபே கன சதுரம் சொல்லித் தர நான் பேர் குடுத்திருக்கேன். அதுக்கு இப்போ வீட்ல பயிற்சி நடக்குது, அக்கா பொண்ணு தான் ஸ்டூடன்ட். ஆறு யூனிட்டும் மடிச்சு முடிச்சுட்டா, கோக்கும்போது மூணாவது யூனிட்ல வந்து நிக்கிறா, எந்த பாக்கெட்ல போகணும்னு தேடுறா. நான் என் யூனிட்டை அவ கைக்குப் பக்கத்துல வெச்சு காட்டுறேன்.